படகேறிப் போன மொழி

இரண்டாயிரங்களின் நடுப்பகுதி. தெற்கு லண்டனில், மோர்டனில் ஒரு தமிழ்க் குடும்பம் புதிதாய் வாங்கிய வீட்டைத் திருத்திக்கொண்டிருந்தோம். நான் மேல்மாடிச் சுவருக்கு பெயின்ற் அடிக்கிறவன். பக்கத்துக் குளியலறையில் நிலத்துக்கு டைல்ஸ் பதித்துக்கொண்டிருந்தவன் வேல்ஸ் நாட்டின் வடமேற்கு மூலையிலிருந்து வந்தவன். இருவரும் ஒரே ஒப்பந்தக்காரரின் கீழ் மூன்று மாதமாய் வேலை செய்தோம். ஆனால் எங்களுக்குள் நடந்த பேச்சு, "தேத்தண்ணி குடிப்பமா?", "அந்த வாளியைத் தா" என்ற அளவில்தான். மற்ற நேரமெல்லாம் அவனுடைய றேடியோ பேசும்.

ஒருநாள் றேடியோவின் பற்றரி செத்துவிட்டது. வீடு அமைதியாயிருந்தது. அந்த அமைதியில், அவன் முழங்காலில் இருந்தபடி டைல்ஸை எண்ணுவது எனக்குக் கேட்டது.

"ஈன், டை, ட்ரீ, பெட்வர், பிம்ப்..."

பிறஷை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றேன். என் வாய் என்னைக் கேட்காமலே திறந்துகொண்டது.

"ஹ்வெஹ், ஸெய்ஸ், எய்ஸ், நாவ், டேக்."

குளியலறையில் ஏதோ கீழே விழுந்து உடைந்தது. அவன் கதவடியில் வந்து நின்று ஏணியில் நின்ற என்னை மேலும் கீழும் பார்த்தான்.

"நீ இப்ப என்ன சொன்னாய்?"

"ஆறிலிருந்து பத்து வரைக்கும் எண்ணினேன்."

"எந்த மொழியில்?"

"பிரெத்தோன். நீ?"

"வெல்ஷ்," என்றான். பிறகு மெல்ல, ஒவ்வொன்றாய்ச் சொன்னான்: "ஹ்வேஹ், சைத், உய்த், நௌ, டேக்."

டேக்கில் இரண்டு பேருடைய குரலும் ஒன்றாய் முடிந்தது. அவனுக்கு முகமெல்லாம் சிவந்துவிட்டது. நான் ஏணியிலிருந்து இறங்கிவிட்டேன்.

எனக்கு அந்த எண்கள் எப்படி வந்தன என்பதைச் சொல்ல வேண்டும். லண்டனுக்கு வருமுன் ஒன்பது வருடம் பிரான்ஸில் இருந்தேன். பாரிஸில் இல்லை, மேற்கே கடலுக்குள் மூக்கை நீட்டிக்கொண்டிருக்கும் பிரித்தானியில். அங்கே ஒரு மீன் தொழிற்சாலையில் வேலை. எங்கள் மேற்பார்வையாளர் பெட்டிகளை பிரெஞ்சில் எண்ணமாட்டார், தன்னுடைய தாய்மொழியான பிரெத்தோனில்தான் எண்ணுவார். பள்ளிக்கூடத்தில் அந்த மொழியைப் பேசியதற்காகச் சின்ன வயதில் அடி வாங்கியவர். தொழிற்சாலையில் அடிக்க ஆளில்லை என்பதால் உரத்துத்தான் எண்ணுவார். பிரெஞ்சு எனக்கு ஒழுங்காய் வருமுன்னே அந்தப் பத்து எண்களும் வந்துவிட்டன. மீன், உப்பு, மழை, கடல், காலையில் தின்னும் பாண் என்று ஒரு இருபது முப்பது சொல்லும் வந்தது. அது அந்த மூலையில் மட்டும் இருக்கும் ஒரு தனி மொழி, உலகத்தில் அதற்கு ஒட்டு உறவு கிடையாது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். என் மச்சான் என்னை அறிமுகப்படுத்தும்போதெல்லாம், "அத்தான் பிரித்தானியில இருந்து பிரித்தானியாவுக்கு வந்த ஆள்" என்று பகிடி விடுவான். அந்த இரண்டு பெயர்களும் ஏன் இப்படி ஒட்டிக்கொண்டு இருக்கின்றன என்று நான் ஒருநாளும் யோசித்ததில்லை.

அன்று மத்தியானம் சாப்பாட்டை மறந்துவிட்டோம். பெயின்ற் அடிக்காத வெறும் சுவரில் அவன் பென்சிலால் நடுவே ஒரு கோடு இழுத்தான். இடப்பக்கம் வெல்ஷ், வலப்பக்கம் பிரெத்தோன்.

"பாண்?"

"பாரா."

"பாரா! எங்களுக்கும் பாரா! கடல்?"

"மோர்."

"மோர்! உப்பு?"

"ஹோலன்."

"ஹாலன். வீடு?"

"டீ."

"டீ!" என்று கத்தினான். கத்திய கத்தலில் வீட்டுக்காரி மேலே ஏறி வந்துவிட்டார். சுவர் முழுக்கப் பென்சில் எழுத்து.

"என்ன அண்ணை இது? பெயின்ற் அடிக்கச் சொன்னா எழுதி வைச்சிருக்கிறியள்?"

"பின்னேரம் மறைச்சுப்போடுவன் தங்கச்சி. இது இவற்ற மொழி. இது நான் பிரான்ஸில படிச்ச மொழி. இஞ்ச பாருங்கோ, மோர் எண்டால் கடல்."

"மோர் எண்டால் குடிக்கிறதல்லோ?" என்றுவிட்டு அவர் சிரித்துக்கொண்டு இறங்கிப் போனார்.

நான் பின்னேரம் அந்தச் சுவருக்கு வெள்ளை அடித்தேன். முதல் பூச்சிலும் எழுத்துத் தெரிந்தது. இரண்டாவது பூச்சில்தான் மறைந்தது. ஆனால் நாங்கள் இருவரும் அதை அதோடு விடுவதாயில்லை.

அடுத்த கிழமையே அவன் ஒரு துண்டுப் பிரசுரத்தோடு வந்தான். நகரின் நடுவில், டொட்டன்ஹாம் கோர்ட் ரோட் பக்கத்தில், பெரியவர்களுக்கான கல்லூரி ஒன்றில் சனிக்கிழமைக் காலை வகுப்பு. பத்து வாரம். தலைப்பு: கெல்டிக் மொழிகளின் வரலாறும் வகைப்பாடும்.

"நீ வந்தால் நானும் போவேன்," என்றான். "தனியே போக எனக்குத் துணிவில்லை. வெல்ஷ் பேசத்தான் தெரியும், எழுத வராது. என்னுடையது சமையலறை வெல்ஷ் என்று படித்தவர்கள் சிரிப்பார்கள்."

கோலியர்ஸ் வுட்டில் எங்கள் வீட்டில் இதைச் சொன்னபோது மனைவி கரண்டியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "பிள்ளை சனிக்கிழமை தமிழ் ஸ்கூல். அப்பா சனிக்கிழமை கெல்டிக் ஸ்கூல். அப்ப சாமான் வாங்க ஆர் போறது?"

"ஞாயிறு நான் போறன்."

"இதைப் படிச்சு என்ன செய்யப் போறியள்?"

"தெரியேல்லை," என்றேன். உண்மை அதுதான். "ஆனால் படிக்காமல் இருக்க ஏலாது போல கிடக்கு."

அவர் சிரித்துவிட்டார். அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டேன்.

ஆசிரியை அயர்லாந்தின் மேற்குக் கரையைச் சேர்ந்தவர். எங்கள் இருவரையும் விட வயதில் இளையவர், வேகமாய்ப் பேசுவார். பேசும்போது கையிலிருக்கும் சோக்கட்டியை இரண்டாய் உடைத்துவிடுவார். முதல் நாளே கரும்பலகையில் ஒரு மரம் வரைந்தார். அடிமரத்தில் பழைய கெல்டிக். ஒரு காலத்தில் ஐரோப்பாவின் பெரும்பகுதியில் பேசிய மொழி. ஐரோப்பியப் பெருநிலத்தில் பேசிய கிளைகள், பிரான்ஸின் கோல் மொழி உட்பட, எல்லாம் பட்டுப்போயின. கல்லிலும் வெண்கலத்திலும் ஈயத் தகட்டிலும் கொஞ்சம் எழுத்து மட்டும் மிஞ்சியது. இன்றைக்கு இருப்பவை ஆறு. ஒரு கொப்பில் ஐரிஷ், ஸ்கொட்லாந்தின் கேலிக், மாங்க்ஸ். மறு கொப்பில் வெல்ஷ், கோர்னிஷ், பிரெத்தோன். அவற்றில் மாங்க்ஸும் கோர்னிஷும் பேச ஆளில்லாமல் அற்றுப்போய், பிறகு ஆர்வமுள்ளவர்கள் திரும்பப் பேசத் தொடங்கியவை.

"இந்த இரண்டு கொப்புக்கும் என்ன வித்தியாசம்? கேளுங்கள்," என்றார். "நாலு. வெல்ஷில் பெட்வர். ஐரிஷில் கெஹர். ஐந்து. வெல்ஷில் பிம்ப். ஐரிஷில் கூயிக். தலை. வெல்ஷில் பென். ஐரிஷில் கியான்."

ப வந்த இடத்திலெல்லாம் க. க வந்த இடத்திலெல்லாம் ப. எனக்கு முதுகு நிமிர்ந்தது.

"மகன். வெல்ஷில் மாப். ஐரிஷில் மக்."

நான் கதிரையை விட்டு எழும்பிவிட்டேன். "எங்களுக்கும் மகன்தான்! தமிழில் மகன்!"

வகுப்பில் எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். ஆசிரியை என்னைப் பார்த்துச் சிரித்தார். "உட்காருங்கள். இந்த வகுப்பில் நான் சொல்லித்தர வேண்டிய மிக முக்கியமான விஷயத்துக்கு இப்போதே வந்துவிட்டீர்கள். ஒரு சொல் ஒத்துப்போவது தற்செயலாய் நடக்கும். எந்த இரண்டு மொழியை எடுத்தாலும் இரண்டு மூன்று சொல் ஒத்துப்போகும். அதை உறவு என்று சொல்ல முடியாது. ஒரே மாற்றம் சொல்லுக்குச் சொல் தவறாமல் நடக்கிறதா என்று பாருங்கள். ஐரிஷின் க எல்லாம் தமிழில் க ஆகிறதா? நாலுக்கு என்ன? ஐந்துக்கு என்ன?"

நாலு, ஐந்து என்று சொல்லிப் பார்த்துவிட்டு உட்கார்ந்தேன். தோற்றுப்போன மாதிரி இருக்கவில்லை. யாரோ என் கையில் ஒரு தராசைத் தந்த மாதிரி இருந்தது. அதற்குப் பிறகு கோலியர்ஸ் வுட் கடையில் தெரிந்தவர்கள், "அப்ப வெல்ஷ்காரரும் எங்கட ஆக்களோ?" என்று கேட்டபோதெல்லாம், "இல்லை" என்று சொல்லி, ஏன் இல்லை என்று அரை மணித்தியாலம் விளக்கினேன். சிலர் என்னைக் கண்டால் மற்றப் பக்கம் திரும்பி நடக்கத் தொடங்கினார்கள்.

மூன்றாவது வாரம் மீன் வந்தது. பழைய கெல்டிக்கில் ஒரு வேடிக்கை நடந்ததாம். லத்தீனுக்கும் அதற்கும் பொதுவான மூதாதை மொழியில் இருந்த ப எல்லாம் அதில் உதிர்ந்துபோயிற்று. கெல்டிக் மொழிகளை அடையாளம் காண்பதே அந்த உதிர்வை வைத்துத்தான். பிறகு ஒரு கொப்பு புதிதாய் வேறோர் ஒலியிலிருந்து ப-வைச் செய்துகொண்டது. நாங்கள் பார்த்த பெட்வரும் பிம்ப்பும் அந்தப் புது ப. மீனுக்கு லத்தீனில் பிஸ்கிஸ். ஐரிஷில் இயஸ்க், முன்னால் இருந்த ப போய்விட்டது.

"ஆனால் பிரெத்தோனில் மீன் பெஸ்க்," என்றேன். "ப உதிரவில்லையே!"

"வெல்ஷிலும் அப்படித்தான். உதிராததால்தான் பிடிபட்டது," என்றார் ஆசிரியை. "அது அவர்களுடைய சொந்தச் சொல் இல்லை. ரோமர்களிடம் வாங்கியது."

ஒன்பது வருடம் நான் வெட்டிய, கழுவிய, பெட்டியில் அடுக்கிய மீனெல்லாம் ரோமாபுரி மீனா! என் கூட்டாளி மேசையில் தட்டித் தட்டிச் சிரித்தான்.

நாலாவது வாரம்தான் எனக்கு ஒரு பெரிய அடி விழுந்தது. என்னுடைய பழைய மேற்பார்வையாளர் எனக்கு அடிக்கடி சொல்வார்: "நாங்கள் இந்த மண்ணின் ஆக்கள். பிரெஞ்சுக்காரர் வருமுன் இங்கே இருந்த கோல்காரரின் பிள்ளைகள். இது அவர்களுடைய மொழி." நான் அதை வகுப்பில் பெருமையோடு சொன்னேன். ஆசிரியை இல்லையென்று தலையை ஆட்டினார்.

"அவர் சொல்வதிலும் ஒரு நியாயம் இருக்கிறது. கோல் மொழியிலும் ப-தான். ப-வையும் க-வையும் மட்டும் வைத்து மரம் வரைந்தால், கோலும் பிரெத்தோனும் பக்கத்துப் பக்கத்தில் வரும். முன்பு அப்படி வரைந்தார்கள். ஆனால் ஒரு அடையாளம் போதாது. மற்றவற்றைப் பாருங்கள். பிரெத்தோனுக்கு மிக நெருக்கம் கோர்னிஷ். அதற்கடுத்து வெல்ஷ்." அவர் வரைபடத்தில் இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில் விரலை வைத்து, கடலைக் கடந்து பிரான்ஸின் மூக்குக்குக் கொண்டுபோனார். "ரோமர் ஆட்சி போன பிறகு, சில தலைமுறைகளாய், இங்கிருந்து ஆட்கள் படகேறி அங்கே போனார்கள். மொழியையும் கொண்டுபோனார்கள். ஊரின் பெயரையும் கொண்டுபோனார்கள். கோல் மொழியின் மிச்சம் ஏதாவது அதில் கலந்ததா என்று இன்னும் வாதாடுகிறார்கள். ஆனால் பெரும்பாலானவர்களின் முடிவு, பிரெத்தோன் இந்தத் தீவிலிருந்து போன மொழி என்பதுதான்."

பிரித்தானி, பிரித்தானியா. மச்சானின் பகிடி அப்போதுதான் எனக்கு விளங்கியது. நான் அகதியாய்ப் போய் இறங்கிய கரையில், எத்தனையோ நூறு வருடத்துக்கு முன்னே, என்னுடைய மேற்பார்வையாளரின் மூதாதையரும் பயந்துகொண்டோ பிழைப்புத் தேடியோ வந்து இறங்கியிருக்கிறார்கள். அவர்கள் விட்டுவிட்டுப் போன தீவில் இப்போது நான் பெயின்ற் அடிக்கிறேன்.

"அவருக்கு இதைச் சொல்ல வேண்டும்," என்றேன் கூட்டாளியிடம்.

"கோபப்படமாட்டாரா?"

"படுவார். கட்டாயம் படுவார்."

அடுத்த ஞாயிறு அவன் எங்கள் வீட்டுக்கு வந்தான். தமிழ்க் கடையில் ஒரு போன் கார்ட் வாங்கிக் கொண்டுவந்து, வெள்ளி பூசிய இடத்தைச் சுரண்டி, நம்பரை அழுத்தி, சத்தம் எல்லோருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டேன். மனைவி ரோல்ஸ் பொரித்துக்கொண்டே ஒரு காதை எங்கள் பக்கம் வைத்திருந்தார். மகள் கதிரையின் கைப்பிடியில் ஏறி உட்கார்ந்தாள்.

மேற்பார்வையாளர் ஓய்வு பெற்று வீட்டில் இருந்தார். என் குரல் கேட்டு மகிழ்ச்சியில் கத்தினார். நலம் விசாரித்த பிறகு நான் விஷயத்தைச் சொன்னேன். பிரெத்தோன் கோல்காரரின் மொழி இல்லை, இங்கிலாந்திலிருந்து படகில் வந்த மொழி என்று படித்தேன் என்றேன்.

அந்தப் பக்கம் அவர் குரல் சட்டென்று உயர்ந்தது.

"ஆர் சொன்னது?"

"ஆசிரியை. அயர்லாந்துக்காரி."

"அவளுக்கு பிரெத்தோன் பேசத் தெரியுமோ?"

"வாசிப்பார்..."

"நான் பேசுகிறவன்! எனக்குத் தெரியாதோ நான் எங்கே இருந்து வந்தவன் என்று?" பெருமூச்சு ஒன்று கேட்டது. பிறகு, "சரி. உனக்குப் பக்கத்தில் ஒரு வெல்ஷ்காரன் இருக்கிறான் என்றாயே. பேசச் சொல் பார்ப்பம்."

என் கூட்டாளி தொண்டையைச் செருமிக்கொண்டு ஒரு முழு வசனம் பேசினான். தன் பெயரும் ஊரும் சொல்லியிருப்பான். மேற்பார்வையாளருக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவர் பதிலுக்கு ஒரு வசனம் பேசினார். இவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. இரண்டு பேரும் என்னைத் திட்டத் தொடங்கினார்கள், ஒருவர் பிரெஞ்சில், மற்றவன் ஆங்கிலத்தில். எனக்கு வெட்கமாய்ப் போய்விட்டது. அவன் ஜன்னலைப் பார்த்துத் தனக்குள் ஏதோ முணுமுணுத்தான். வெளியே மழை. அவன் முணுமுணுத்ததும் மழை பெய்கிறது என்றுதான்.

"க்ளாவ்!" என்று போன் கத்தியது. "க்ளாவ் என்றானா? மழை! இங்கேயும் மழை!"

"க்ளௌ!" என்று இவனும் கத்தினான். "ஓ, க்ளௌ!"

அதற்குப் பிறகு அவர்களை நிறுத்த முடியவில்லை. வசனம் எல்லாம் விட்டுவிட்டு ஒற்றைச் சொற்களாய் எறிந்து விளையாடினார்கள். பாரா. பாரா! க்வின் என்றால் வைன். க்வின்! பால், மகள், கறுப்பு, காற்று. ஒத்துவந்தால் இரண்டு பக்கமும் ஆரவாரம். ஒத்துவராவிட்டால் ஒரு ஏமாற்றச் சத்தம். என் மகள் கடதாசி எடுத்துப் புள்ளி போடத் தொடங்கினாள். மனைவி ரோல்ஸ் தட்டோடு வந்து நின்று, "விளையாட்டு மச் மாதிரியெல்லோ கிடக்கு," என்றார். கடைசியில் கார்ட் முடிந்து இணைப்பு அறுந்தது. அதற்கு முன் அவர் சொன்னது எனக்குத்தான்: "உன் ஆசிரியை சொன்னதை நான் ஒத்துக்கொள்ளவில்லை. ஆனால் அவனை இங்கே கூட்டிக்கொண்டு வா."

வகுப்பின் கடைசி வாரம் ஒவ்வொருவரும் பத்து நிமிடம் பேச வேண்டும். எனக்கு ஆங்கிலத்தில் நாலு பேருக்கு முன்னால் நின்று பேசிப் பழக்கம் இல்லை. ஆனால் எனக்குள் ஒரு விஷயம் கொதித்துக்கொண்டிருந்தது.

வெல்ஷிலும் ஐரிஷிலும் பிரெத்தோனிலும் சொல்லின் முதல் எழுத்து மாறும். பூனை வெல்ஷில் காத். "அவனுடைய பூனை" என்றால் முதல் க அழுத்தம் குறைந்து, கங்கையின் இரண்டாவது க போல ஒலிக்கும். "அவளுடைய பூனை" என்றால் தொண்டையில் உரசும் ஹாத். "என் பூனை" என்றால் ஙாத். இந்த மாற்றத்தையும் ஒரு அடையாளமாய் வைத்து, இந்தத் தீவுகளில் பிறந்த ஆறு மொழிகளையும் ஒரே கொப்பில் போட வேண்டும் என்று ஒரு பக்கம் வாதாடுகிறது. ஆனால் ஏன் மாறுகிறது என்று ஆசிரியை விளக்கியபோது வகுப்பில் பாதிப்பேருக்கு விளங்கவில்லை. எனக்கு விளங்கியது. நான் சின்ன வயதிலிருந்து அதைச் செய்துகொண்டிருக்கிறேன்.

கரும்பலகையில் பெரிதாய் க என்று எழுதினேன். "இது என்னுடைய மொழியின் ஒரு எழுத்து. எல்லோரும் தொண்டையில் கையை வையுங்கள். என்னோடு சொல்லுங்கள். கல்."

"கல்," என்றார்கள்.

"அகல்."

"அகல்."

"தங்கம்."

"தங்கம்."

"மூன்றும் ஒரே எழுத்து. கல்லில் கடினம். அகலில் இரண்டு உயிருக்கு நடுவே அகப்பட்டு இளகிப்போகிறது. தங்கத்தில் மூக்கொலிக்குப் பின்னால் வந்து அதிர்கிறது. எழுதும்போது நாங்கள் மாற்றுவதில்லை, வாய் தானாய் மாற்றும். வெல்ஷில் 'அவனுடைய' என்ற சொல் பழங்காலத்தில் ஒரு உயிரில் முடிந்தது. அதனால் பூனையின் க நடுவில் அகப்பட்டு இளகியது. 'என்' என்ற சொல்லில் ஒரு ன இருந்தது. அதனால் பூனை மூக்கால் பேசியது. பிறகு அந்த உயிரும் உதிர்ந்தது, ன-வும் உதிர்ந்தது. மாற்றம் மட்டும் பூனையோடு தங்கிவிட்டது." திரும்பி ஆசிரியையைப் பார்த்தேன். "இது உறவு இல்லை. வாய் எல்லோருக்கும் ஒரே வாய் என்பதுதான். சரியா?"

அவர் தொண்டையில் வைத்த கையை எடுக்கவேயில்லை. "அகல், தங்கம்," என்று தனக்குள் சொல்லிக்கொண்டிருந்தார். பிறகு, "ஒரே எழுத்தா? உண்மையாகவே ஒரே எழுத்தா?" என்று ஓடிவந்து என்னுடைய சோக்கை வாங்கி, க-வைத் தானும் எழுதிப் பார்த்தார். கோணலாய் வந்தது. என் கூட்டாளி முன் வரிசையில் இருந்து, "அவனுடைய பூனை, அவளுடைய பூனை, என் பூனை" என்று வெல்ஷில் உரத்துச் சொன்னான். தன் வாழ்நாளெல்லாம் சொன்னதை முதல்முறையாய்க் காதால் கேட்டவன் போல இருந்தது அவன் முகம். சமையலறை வெல்ஷ் என்று அன்றைக்கு ஒருவரும் சிரிக்கவில்லை. அடுத்த வருட வகுப்புக்கும் வந்து இதைச் செய்துகாட்ட வேண்டும் என்று ஆசிரியை கேட்டார். நான் போனேன்; அதற்குப் பிறகும் இரண்டு தரம் போனேன்.

வகுப்பு முடிந்த அடுத்த சனிக்கிழமை, பழக்க தோஷத்தில் இரண்டு பேருமே கல்லூரி வாசலுக்கு வந்துவிட்டோம். கதவு பூட்டியிருந்தது. ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துவிட்டு, சேரிங் கிராஸ் ரோட் வழியே நடந்து ஒரு பழைய புத்தகக் கடைக்குள் போனோம். ஐரிஷ் படிக்கும் பாடப்புத்தகம் ஒன்று அகப்பட்டது. முதுகு கிழிந்தது. அதை வாங்கிக்கொண்டு, வெளியே கடைத் தாழ்வாரத்தில் நின்றபடியே திறந்தோம். இரண்டாம் பாடத்தில், ஐரிஷில் 'யெஸ்'ஸுக்கும் 'நோ'வுக்கும் தனிச் சொல் இல்லை, கேட்ட வினையையே திருப்பிச் சொல்ல வேண்டும் என்றிருந்தது.

"எங்களுக்கும் பெரும்பாலும் அப்படித்தான்!" என்று அவன் என் தோளைப் பிடித்து உலுக்கினான். "ஆங்கிலத்தில் ஒரு 'யெஸ்' சொல்ல எனக்கு எவ்வளவு காலம் எடுத்தது தெரியுமா! உங்களுக்கு?"

"எங்களிடம் ஓம் இருக்கிறது," என்றேன். "ஆனால் என் மனைவியிடம் சாப்பிட்டியோ என்று கேட்டால், சாப்பிட்டன் என்பார்."

மழை தூறத் தொடங்கியது. புத்தகம் ஒன்று, ஆட்கள் இரண்டு. யார் முதலில் வீட்டுக்குக் கொண்டுபோவது என்று அந்தத் தாழ்வாரத்திலேயே கால் மணித்தியாலம் வாதாடினோம். முதல் கிழமை அவனுக்கு, அடுத்த கிழமை எனக்கு என்று கடைசியில் முடிவாயிற்று.